குத்துப்பட்ட குடலின் வரலாறு

திருக்கோஷ்டியூர் என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது ராமானுசர்தான். திருமந்திரத்தின் பொருளைக் கேட்பதற்காகத் திருக்கோஷ்டியூர் நம்பியைத் தேடி அவர் பதினெட்டு முறை நடந்து வந்தார் என்பது வைணவ மரபு. சௌமிய நாராயணப் பெருமாள் கோயிலும், மாசி மகத் தெப்பத்தில் ஏற்றும் விளக்கும் இந்த ஊருக்குப் பெயர் வாங்கித் தந்தவை. ஆனால் சிவகங்கை மாவட்டத்தின் இந்தப் பக்கத்துக்கு இன்னொரு பெயரும் உண்டு. திருப்பத்தூரைச் சுற்றியிருக்கும் சிராவயல், கண்டிப்பட்டி, அரளிப்பாறை என்று தை, மாசி மாதங்களில் ஊர் ஊராக நடப்பது மஞ்சுவிரட்டு.

அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டை டிவியில் பார்த்தவர்களுக்கு மஞ்சுவிரட்டு கொஞ்சம் புதிதாக இருக்கும். அங்கே மாடு வாடிவாசல் வழியாக ஒவ்வொன்றாக வரும். இங்கே தொழுவிலிருந்து அவிழ்த்து விடுவது ஒருபுறம் நடக்க, வயலிலும் பொட்டலிலும் கட்டுமாடுகளை அவிழ்த்து விடுவதும் நடக்கும். மாடு எந்தப் பக்கம் வரும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் மாடு பிடிக்க வந்தவரை விட, வேடிக்கை பார்க்க வந்தவர் குத்துப்படுவது இங்கே சாதாரணம். 2024 ஜனவரியில் சிராவயலில் மாடு முட்டி இறந்த இருவருமே பார்வையாளர்கள்தான். அவர்களில் ஒருவன் சிறுவன்.

மறுநாள் பேப்பரில் "இத்தனை பேர் பலி, இத்தனை பேர் காயம்" என்று வரும். அத்தோடு செய்தி முடிந்துவிடும். ஆனால் மருத்துவ வரலாற்றைப் புரட்டினால், வயிற்றில் குத்துப்பட்டவருக்கு 'பலி', 'காயம்' என்ற இரண்டுக்கும் நடுவே மூன்றாவதாக ஒரு நிலை இருப்பது தெரிகிறது. உயிர் பிழைத்துவிடுவார், காயமும் ஆறிவிடும். ஆனால் சாப்பிட்ட சாப்பாடு உடம்பில் ஒட்டாது. ஏனென்றால் அதை உறிஞ்சுவதற்குக் குடல் இருக்காது! இதற்கு மருத்துவர்கள் வைத்திருக்கும் பெயர் 'குடல் செயலிழப்பு'. சிறுநீரகம் செயலிழக்கும், இதயம் செயலிழக்கும் என்பது பலருக்கும் தெரியும். குடலும் செயலிழக்கும் என்பது பலர் கேள்விப்படாத செய்தி. இந்த மூன்றாவது நிலை எப்படி உருவானது என்பதுதான் இந்தக் கட்டுரை.

பழைய காலத்தில்

காளையின் கொம்பும் மனிதக் குடலும் சந்திப்பது தமிழர்களுக்குப் புதிதல்ல. சங்க இலக்கியமான கலித்தொகையின் முல்லைக்கலிப் பாடல்கள் ஏறு தழுவுதலை விரிவாகச் சொல்கின்றன. வீரத்தை மட்டும் பாடிவிட்டு அவை நிறுத்திக் கொள்ளவில்லை. காளை குத்திக் குடல் சரிவதையும் மறைக்காமல் காட்டுகின்றன. பார்த்தவர்கள் எழுதியது என்பது படித்தாலே தெரியும்.

சரிந்த குடலை என்ன செய்வது? வடமொழி மருத்துவ நூலான சுசுருத சம்ஹிதை இதற்கு வழி சொல்கிறது. வெளியே வந்த குடலைப் பாலால் கழுவி, நெய் தடவி, நகம் வெட்டிய விரல்களால் மெதுவாக உள்ளே தள்ளி, வயிற்றைத் தைக்க வேண்டும். குடலிலேயே கிழிசல் இருந்தால் அதன் விளிம்புகளைச் சேர்த்துப் பிடித்துப் பெரிய கறுப்பு எறும்புகளைக் கடிக்க விட வேண்டும். கடித்ததும் உடலைக் கிள்ளிவிட்டால் தலை மட்டும் கவ்விக்கொண்டு நிற்கும். இன்றைக்கு ஆபரேஷன் தியேட்டரில் குடலை இணைக்கப் பயன்படுத்தும் ஸ்டேப்ளரும் இதே வேலையைத்தான் செய்கிறது.

ஆனால் கிருமி என்பதே தெரியாத காலம் அது. குடலுக்குள் இருப்பது வயிற்றுக்குழிக்குள் கசிந்துவிட்டால் சீழ் பிடித்துக் காய்ச்சல் கண்டு ஓரிரு நாளில் மரணம். உலகம் முழுக்க இதே கதைதான். 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரில் வயிற்றுக்குள் குண்டு பாய்ந்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் வரை இறந்தனர். அந்தக் காலத்தில் குடல் செயலிழப்பு என்று ஒரு நோய் இருந்திருக்கவே முடியாது. குடலை இழந்தவர் அதற்கு முன்பே இறந்துவிடுவார்.

கொம்பு என்ன செய்கிறது?

மேற்கொண்டு போவதற்கு முன் காயத்தைப் புரிந்துகொள்வது நல்லது. கத்தி குத்தினால் போன வழியே திரும்பி வரும். மாட்டுக் கொம்பு அப்படியல்ல. கொம்பை ஏற்றியதும் மாடு தலையைச் சிலுப்பித் தூக்கி எறியும். அந்த ஒரு நொடியில் கொம்பின் நுனி உள்ளே இரண்டு மூன்று திசைகளில் சுழன்றுவிடும். வெளியே இரண்டு விரல் அகல ஓட்டை, உள்ளே பல கிழிசல். போதாததற்கு கொம்பில் ஒட்டியிருக்கும் மண்ணும் சாணியும் உள்ளே போய்விடும்.

பார்ப்பதற்கு பயங்கரமாக இருப்பது குடல் வெளியே சரிவதுதான். உண்மையில் சரிந்த குடல் கிழியாமல் நல்ல நிறத்தோடு இருந்தால், கழுவி உள்ளே வைத்து விடலாம். ஆபத்து வேறு இரண்டு இடங்களில் இருக்கிறது. ஒன்று, சிறிய ஓட்டை வழியே பிதுங்கிய குடல் அங்கேயே இறுகிக்கொண்டு ரத்த ஓட்டம் நின்று அழுகுவது. இன்னொன்று, குடலுக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயே அறுபடுவது. கிட்டத்தட்ட சிறுகுடல் முழுவதற்கும் ரத்தம் கொடுப்பது ஒரே ஒரு பெரிய தமனி. சாமானா வீச்சுவலை விரிந்த மாதிரி அதிலிருந்து கிளைகள் பிரிந்து போகும். கிளை அறுந்தால் சில அடி குடல் போகும். வேர் அறுந்தால் மொத்தமும் போகும். ரத்தம் நின்ற குடல் சில மணி நேரம்தான் தாங்கும். கொம்புக்கு மட்டும் என்றில்லை, விபத்தில் பைக்கின் ஹேண்டில்பார் வயிற்றில் இடித்தாலும், சீட் பெல்ட் இறுக்கினாலும் வெளியே காயமே இல்லாமல் உள்ளே இதே சேதம் நடக்கலாம்.

போர்க்களம் கற்றுத் தந்த பாடம்

வயிற்றுக் காயத்துக்கு வைத்தியம் மாறியது மஞ்சுவிரட்டுக் களத்தில் அல்ல, போர்க்களத்தில். 1899-ல் தென்னாப்பிரிக்காவில் போயர் போர் தொடங்கியபோது, மயக்க மருந்தும் கிருமிநீக்கமும் வந்துவிட்டன. ஆனாலும் அங்கே பிரிட்டிஷ் படையின் ஆலோசகராக இருந்த வில்லியம் மெக்கார்மக், வயிற்றில் குண்டுபட்டவரை அறுத்தால் இறப்பார், சும்மா விட்டால் பிழைப்பார் என்ற கருத்தை வைத்திருந்தார். கூடாரத்தில், தண்ணீரில்லாத இடத்தில், தாமதமாகச் செய்த ஆபரேஷன்கள் தோற்றதால் வந்த முடிவு அது.

1904-05 ரஷ்ய-ஜப்பான் போரில் வேரா கெட்ராய்ட்ஸ் என்ற ரஷ்யப் பெண் அறுவை மருத்துவர் ரயில் பெட்டியை ஆபரேஷன் தியேட்டராக மாற்றிப் போர்முனைக்கு அருகே கொண்டுபோனார். அடிபட்ட சில மணி நேரத்துக்குள் வயிற்றைத் திறந்தால் பலர் பிழைப்பதைக் காட்டினார். முதல் உலகப்போரில் மற்ற நாடுகளும் அதே முடிவுக்கு வந்தன. வயிற்றுக் காயத்தில் இறப்பவர்கள் முதல் உலகப்போரில் ஏறக்குறைய பாதிப் பேர் என்றும், இரண்டாம் உலகப்போரில் கால்வாசி என்றும், வியட்நாம் போரில் பத்தில் ஒருவர் என்றும் குறைந்தார்கள். சீக்கிரம் ஆபரேஷன், ரத்தம் ஏற்றுதல், ஆன்டிபயாடிக் மருந்து ஆகிய மூன்றும் சேர்ந்து சாதித்தது இது.

ஆன்டிபயாடிக் என்றதும் ஒரு விஷயம். ஸ்பெயினின் மாட்ரிட் நகரில் லாஸ் வென்டாஸ் என்ற காளைச்சண்டை அரங்கத்தின் வாசலில் பென்சிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் ஃபிளெமிங்குக்குச் சிலை இருக்கிறது. 1964-ல் நன்றிக்கடனாக வைத்தவர்கள் காளைச்சண்டை வீரர்கள்! கொம்புக் காயத்தில் சீழ் பிடித்துச் செத்தவர்களைப் பார்த்தவர்களுக்குத்தான் அந்த மருந்தின் அருமை தெரியும்.

பிழைத்த பிறகு வந்த பிரச்சினை

இங்கேதான் மூன்றாவது நிலை பிறக்கிறது. அழுகிய குடலை வெட்டி எடுத்துவிட்டு ஆளைப் பிழைக்க வைக்க மருத்துவர்கள் கற்றுக்கொண்டார்கள். ஆனால் மிச்சமிருக்கும் குடல் போதவில்லை என்றால்?

வளர்ந்த மனிதருக்குச் சிறுகுடல் 3 முதல் 8 மீட்டர் வரை இருக்கும். அதில் பாதி போனால்கூடப் பெரும்பாலானவர்கள் சமாளித்து விடுவார்கள். 2 மீட்டருக்குக் கீழே போனால் சிக்கல் தொடங்குகிறது. பெருங்குடலும் இல்லாமல், 1 மீட்டருக்கும் குறைவான சிறுகுடல் வயிற்றின் மேலே திறப்பாக முடிந்தால், வாயால் சாப்பிட்டு மட்டும் உயிர் வாழ்வது மிகக் கடினம். சாப்பிட்டதும் குடித்ததும் அப்படியே வெளியேறும். எவ்வளவு நீளம் போனது என்பது மட்டுமல்ல, எந்தப் பகுதி போனது என்பதும் முக்கியம். வைட்டமின் பி12-ஐயும் பித்த உப்பையும் உறிஞ்சுவது சிறுகுடலின் கடைசிப் பகுதி மட்டும்தான். அது போனால் அந்த வேலையை வேறு எந்தப் பகுதியும் எடுத்துச் செய்யாது.

1960-கள் வரை இப்படிப் பிழைத்தவர்கள் ஆஸ்பத்திரியிலேயே மெலிந்து மெலிந்து இறந்தார்கள். கொம்பிலிருந்தும் குண்டிலிருந்தும் தப்பியவர்கள் பட்டினியால் செத்தார்கள், அதுவும் சாப்பாட்டுத் தட்டு எதிரில் இருக்கும்போதே. 1981-ல்தான் ஃபிளெமிங், ரெமிங்டன் என்ற இரண்டு மருத்துவர்கள் 'குடல் செயலிழப்பு' என்பதற்கு இலக்கணம் வகுத்தனர். (இந்த ஃபிளெமிங் வேறு, பென்சிலின் ஃபிளெமிங் வேறு.) உணவைச் செரித்து உறிஞ்சத் தேவையான குறைந்தபட்ச அளவுக்கும் கீழே வேலை செய்யும் குடல் குறைந்துவிடுவது என்பது அதன் சாரம்.

ரத்தக்குழாயில் சாப்பாடு

குடல் இல்லையென்றால் சாப்பாட்டை நேராக ரத்தத்தில் கலந்தால் என்ன? கேட்பதற்கு எளிது. ஆனால் ஒரு நாளைக்கு வேண்டிய சக்தியைத் தரும் சர்க்கரைக் கரைசல் மிகவும் கெட்டியானது. கையில் இருக்கும் சின்னச் சிரையில் ஏற்றினால் அது வெந்து அடைத்துக்கொள்ளும். 1952-ல் ராபர்ட் ஓபானியாக் என்ற பிரெஞ்சு மருத்துவர் காறை எலும்புக்குக் கீழே இருக்கும் பெரிய சிரைக்குள் ஊசி செலுத்தும் வழியை எழுதினார். அங்கே ரத்தம் வேகமாக ஓடுவதால் கெட்டிக் கரைசல் உடனே நீர்த்துவிடும். 1960-களின் தொடக்கத்தில் ஸ்வீடனின் ஆர்விட் ரெட்லிண்ட் சோயா எண்ணெயையும் முட்டைக் கரு கொழுப்பையும் சேர்த்து, ரத்தத்தில் ஏற்றக்கூடிய பால் போன்ற கொழுப்புக் கரைசலை உருவாக்கினார்.

அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ஸ்டான்லி டட்ரிக் என்ற இளம் மருத்துவர் பீகிள் நாய்க்குட்டிகளுக்கு வாய்வழி எதுவும் கொடுக்காமல் சிரை வழியாக மட்டுமே உணவு கொடுத்து வளர்த்துக் காட்டினார். 1967-ல் சிறுகுடலே ஏறக்குறைய இல்லாமல் பிறந்த ஒரு குழந்தைக்கு அதே முறையைக் கையாண்டார்கள். சுருங்கிக்கொண்டிருந்த குழந்தை எடை கூடி வளர்ந்தது. கடைசியில் அந்தக் குழந்தை பிழைக்கவில்லை என்றாலும், ஒரு மனித உடல் குடலின் உதவியின்றி வளர முடியும் என்பது நிரூபணமானது.

அடுத்த கட்டத்தில் தமிழ்நாட்டுக்கு ஒரு தொடர்பு உண்டு. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் படித்துக் கனடா சென்றவர் குர்ஷித் ஜீஜீபாய். 1970-ல் டொராண்டோவில் ரத்தக்குழாய் அடைப்பால் குடலை இழந்த ஒரு பெண் அவரிடம் வந்தார். அவரை எத்தனை காலம் ஆஸ்பத்திரியில் வைத்திருப்பது? இரவில் தூங்கும்போது தானே கரைசலை ஏற்றிக்கொண்டு, பகலில் குழந்தைகளையும் குடும்பத்தையும் பார்த்துக்கொள்ளும்படி அந்தப் பெண்ணுக்குப் பழக்கிக் கொடுத்தார்கள். அவர் அப்படி ஏறத்தாழ 20 ஆண்டுகள் வாழ்ந்தார். குடல் செயலிழந்தவர் நோயாளியாக மட்டுமல்லாமல் சாதாரண மனிதராகவும் வாழலாம் என்பதை உலகம் பார்த்தது. மனிதனுக்கு நுண்ணளவில் என்னென்ன சத்து தேவை என்பதும் இத்தகைய நோயாளிகளிடமிருந்து தெரிய வந்தது. கரைசலில் குரோமியம் இல்லாததால் வந்த சர்க்கரைக் கோளாறையும் நரம்புக் கோளாறையும் ஜீஜீபாய் குழுவினர் 1977-ல் எழுதினர்.

இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். சிரைக்குள் நிரந்தரமாக ஒரு குழாய் இருப்பது கிருமிக்குத் திறந்த கதவு. நாள்பட்டால் கல்லீரல் கெடும். செலவும் மிக அதிகம். மேலை நாடுகளில் அரசோ காப்பீடோ கொடுக்கும் இந்த வீட்டுச் சிகிச்சை, இந்தியாவில் மாதக்கணக்கில் தொடர்வது வசதி உள்ளவர்களுக்கே கடினம். மஞ்சுவிரட்டு பார்க்கப் போன ஒரு கூலித் தொழிலாளியின் குடும்பம் என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள்.

உப்பும் சர்க்கரையும்

விலை குறைந்த ஒரு மருந்து பக்கத்திலேயே இருக்கிறது. குடல் குறைந்தவருக்குத் தாகம் எடுத்துக்கொண்டே இருக்கும். வெறும் தண்ணீரைக் குடிக்கக் குடிக்க, உடலில் இருக்கும் உப்பும் சேர்ந்து வெளியேறித் தாகம் இன்னும் கூடும். இளநீர் நல்லது என்று கொடுப்பார்கள். ஆனால் அதில் சோடியம் குறைவு. உப்பும் குளுக்கோஸும் சரியான அளவில் சேர்ந்திருந்தால் மட்டும் குடல் இரண்டையும் சேர்த்து உள்ளே இழுக்கும், கூடவே தண்ணீரும் வரும். இதை 1960-ல் விளக்கியவர் ராபர்ட் கிரேன். 1971 வங்கதேசப் போரின்போது பங்கான் அகதி முகாமில் காலராவுக்கு இந்தக் கரைசலைக் கொடுத்து, 30 சதவீதமாக இருந்த சாவை 4 சதவீதத்துக்கும் கீழே கொண்டு வந்தவர் கொல்கத்தா மருத்துவர் திலீப் மஹலனாபிஸ். காலராவுக்காக வந்த அதே உப்பு-சர்க்கரைக் கரைசல்தான், உப்பு சற்றுக் கூடுதலாக, இன்று குடல் குறைந்தவர்களின் அன்றாடத் துணை.

இன்னொரு நல்ல செய்தி, குடல் பழகிக்கொள்ளும். மிச்சமிருக்கும் துண்டு ஓரிரு ஆண்டுகளில் தடித்து, உறிஞ்சும் பரப்பைக் கூட்டிக்கொள்ளும். ஆனால் அதற்கு வாய்வழியாகக் கொஞ்சமாவது உணவு போய்க்கொண்டே இருக்க வேண்டும். சும்மா கிடக்கும் குடல் சுருங்கிவிடும். குடலை வளரத் தூண்டும் ஜிஎல்பி-2 ஹார்மோனின் வேலையை 1990-களில் கண்டறிந்தவர் டொராண்டோவின் டேனியல் டிரக்கர். அதை வைத்து உருவான டெடுகுளுடைட் என்ற ஊசி மருந்து 2012-ல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அனுமதி பெற்றது.

மாற்றுக் குடல்

சிறுநீரகம் போல் குடலையும் மாற்றி வைக்கலாமா? 1960-களில் செய்த முயற்சிகள் எல்லாம் தோற்றன. குடல் முழுக்க நோய் எதிர்ப்பு செல்கள் நிறைந்திருப்பதாலும், உள்ளே எப்போதும் கிருமிகள் இருப்பதாலும் உடல் அதை ஏற்றுக்கொள்வது மற்ற உறுப்புகளை விடக் கடினம். 1988-ல் ஜெர்மனியின் கீல் நகரிலும் கனடாவின் லண்டன் நகரிலும் முதல் வெற்றிகள் கிடைத்தன. பிட்ஸ்பர்க்கில் தாமஸ் ஸ்டார்ஸில் குழு டாக்ரோலிமஸ் மருந்தைக் கொண்டுவந்த பிறகே இது நிலையான சிகிச்சையானது.

தமிழ்நாட்டில் மூளைச்சாவு அடைந்தவர்களின் உறுப்பு தானம் 2008 முதல் முறைப்படுத்தப்பட்டது. 2010-களில் சென்னைத் தனியார் மருத்துவமனைகளில் சிறுகுடல் மாற்று அறுவை சிகிச்சைகளும் நடந்தன. சிறுநீரகத்தோடும் கல்லீரலோடும் ஒப்பிட்டால் எண்ணிக்கை மிகக் குறைவு. திருக்கோஷ்டியூரிலிருந்து சென்னை 400 கிலோமீட்டருக்கு மேல். தூரத்தை விடவும் செலவு பெரியது.

மீண்டும் களத்துக்கு

2014 மே 7-ல் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டைத் தடை செய்தது. 2017 ஜனவரியில் மெரினா போராட்டம், அதன்பின் தமிழ்நாடு அரசின் சட்டம். 2023 மே 18-ல் அரசியல் சாசன அமர்வு அந்தச் சட்டம் செல்லும் என்றது. இத்தனை வாதத்திலும் பேசப்பட்டது காளையின் வலியும் தமிழரின் பண்பாடும்தான். குத்துப்பட்ட மனிதரின் குடல் பற்றிய பேச்சு மிகக் குறைவு. 2017 விதிகள் களத்தில் மருத்துவக் குழு வேண்டும் என்கின்றன. 2008-ல் 108 ஆம்புலன்ஸ் வந்தது. 2012-ல் சிவகங்கையில் அரசு மருத்துவக் கல்லூரி தொடங்கியது. முன்பெல்லாம் மதுரை பெரியாஸ்பத்திரி ஒன்றே கதி என்றிருந்த நிலை கொஞ்சம் மாறியிருக்கிறது.

இந்த வரலாறு முழுக்க ஒரே விஷயத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறது. போன குடலுக்கு ஈடு செய்யும் வழிகள் எல்லாமே விலை உயர்ந்தவை, எட்டாத் தூரத்தில் இருப்பவை. இருக்கும் குடலைக் காப்பாற்றுவது ஒன்றே எளியவருக்கும் கிடைக்கக்கூடிய வைத்தியம். 1993-ல் பிலடெல்பியா மருத்துவர்கள் பெயரிட்டுப் பரப்பிய ஒரு முறை இதற்குத்தான் உதவுகிறது. மோசமாக அடிபட்டவருக்கு முதலில் ரத்தத்தை நிறுத்தி, கசிவை அடைத்துவிட்டு, சந்தேகமான குடலை அவசரப்பட்டு வெட்டாமல் விடுகிறார்கள். ஒன்றிரண்டு நாளில் மறுபடியும் திறந்து பார்த்து, நிறம் திரும்பிய பகுதியை வைத்துக்கொண்டு, செத்த பகுதியை மட்டும் எடுக்கிறார்கள். அப்படி மிஞ்சும் அரை மீட்டர், ஒருவர் வாழ்நாள் முழுக்கக் குழாயோடு இருப்பதா இல்லையா என்பதை முடிவு செய்துவிடும்.

அந்த அரை மீட்டரைக் காப்பாற்றும் வேலை களத்திலேயே தொடங்குகிறது. குடல் சரிந்தால் அதை உள்ளே தள்ளக் கூடாது. சுசுருதர் தள்ளச் சொன்னது வைத்தியருக்கு, கூட்டத்தில் நிற்பவருக்கு அல்ல. இடுப்புத் துண்டை அவிழ்த்து இறுக்கிக் கட்டவும் கூடாது, அந்த இறுக்கமே ரத்த ஓட்டத்தை நிறுத்திவிடும். சுத்தமான ஈரத் துணியால் மூடி, முழங்காலை மடக்கிப் படுக்க வைத்து, தண்ணீர்கூடக் கொடுக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும். வெளியே காயமே தெரியாமல் வயிற்றில் முட்டு வாங்கியவரையும் "ஒண்ணும் இல்லப்பா" என்று வீட்டுக்கு அனுப்பிவிடக் கூடாது.

தை பிறந்தால் மாடு வரும், கூட்டமும் வரும். அதை யாரும் நிறுத்தப் போவதில்லை. பேப்பரில் வரும் "காயம்" என்ற எண்ணுக்குள், இனி ஒரு பிடி சோறு உடம்பில் ஒட்டாமல் போகப்போகிறவர் ஒருவரும் இருக்கலாம். அவர் யார், பிறகு என்ன ஆனார் என்பதையும் சேர்த்து எண்ணத் தொடங்கினால்தான் களத்துக்குப் பக்கத்தில் எவ்வளவு மருத்துவ வசதி தேவை என்பது தெரியவரும்.